பதினேழாம் நம்பரின் முழங்கால்

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச காலம் ஒரு வெள்ளைக்காரரின் படம் ஒட்டியிருந்தது. இங்கிலாந்தில் கால்பந்து ஆடுகிறவர். அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. சட்டை முதுகில் இருந்த எண்ணை வைத்துப் பதினேழாம் நம்பர் என்றே சொல்லிவந்தோம்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அப்பா சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். பல்லடம் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, பதினேழாம் நம்பர் ஆடிய அணியின் ரசிகர்கள் போடும் சட்டைகளை அப்பாவிடம் தைக்கக் கொடுத்திருந்தது. அவர் கோல் போட்டால் அங்கே சட்டை விற்கும், இங்கே மிஷின் ஓடும். ஆகவே அவர் பந்தோடு ஓடும்போது எங்கள் வீட்டில் யாரும் எழுந்து போகக் கூடாது.

ஒரு ஆட்டத்தில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். அப்பாவின் போனில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அவர் எழுந்து ஆடினால்தான் இனித் துணி வரும் என்று எக்ஸ்போர்ட்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மிஷின்களுக்கு உறை போட்டாயிற்று. அப்பா குப்பையே இல்லாத கொட்டகையைத் தினமும் கூட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா நேரே மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள். கை கால் சுகமானால் தகட்டில் அடித்த கையோ காலோ வாங்கி அம்மனுக்குச் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தக் கால் என்பதில்தான் தகராறு. நான் இடது என்றேன், அப்பா வலது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"எதுக்கும் ரெண்டையும் வேண்டிக்கறேன்" என்றாள் அம்மா.

கோயிலில் பூசாரி பெயர் கேட்டார்.

"பேரு வாயில வரமாட்டேங்குதுங்க சாமி. பதினேழாம் நம்பருன்னு சொல்லுங்க, ஆத்தாளுக்குத் தெரியும்."

பூசாரி அசராமல் அப்படியே சொல்லி மணியடித்தார்.

ஆத்தா கண் திறந்துவிட்டாள். சில மாதங்களில் அவர் களத்துக்குத் திரும்பினார், கோலும் போட்டார். துணி வந்தது, மிஷின்கள் ஓடின, அப்பா பாட்டெல்லாம் பாடினார். ஆனால் அந்தக் கோலை வேறொரு பெரிய அணியும் பார்த்திருக்கிறது. அவரை விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே சட்டையின் நிறம் வேறு, தைப்பவர்களும் வேறு யாரோ. நாங்கள் தைத்து அடுக்கியிருந்ததை எக்ஸ்போர்ட்காரர்கள் வேண்டாம் என்று கைகழுவிவிட்டார்கள்.

எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம். அம்மாவோ இரண்டு தகட்டுக் கால்களை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாள்.

"நம்மள உட்டுட்டுப் போனவருக்கு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"நான் கேட்டது காலு. ஆத்தா குடுத்துட்டா. அப்பறமென்ன கண்ணு?"

கொஞ்ச நாளில் ஒரு டெம்போ வந்து மிஷின்களை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் காலை அப்பா பதினேழாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு, சோற்றுத் தூக்குப்போசியோடு, வேறொருவர் கம்பெனிக்குத் தையல் வேலைக்குக் கிளம்பினார்.

"நானும் கம்பெனி மாறிட்டேன் கண்ணு, அவராட்டவே" என்று சிரித்தார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கப்பாவையும் பெரிய கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் அதை அம்மாவிடமும் சொன்னேன். அப்பாவின் போசியைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு நல்ல சேதிக்கு அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.