உடுக்கை அடிக்காத தீமிதி

முதுகலையில் பொதுச்சட்டம் படிப்பதற்காக, எங்கள் தீவின் தலைநகரை ஒட்டிய லாமியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பாதிப் பாடம்கூட முடியவில்லை, ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. அரசியலமைப்புச் சட்டம் ரத்து என்று ரேடியோவில் ஒரு குரல் சாவகாசமாகப் படித்தது. பேராசிரியர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். வகுப்பில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

"அக்கா, நீ படிக்கிற புக்கே இப்ப செல்லாதாமே?" என்று தம்பி போனில் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவனும் நியூசிலாந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். போவதற்கு முன் சொந்த ஊரில், ரராவாய்ப் பக்கம் எங்கள் கோயிலில் தீ மிதிப்பதாக வேண்டுதல். நாலு பேர் கூடுவதற்கே அனுமதி வாங்க வேண்டிய காலம் அது. மனுவை நான் எழுதினேன், பொறுப்பாளியாகத் தம்பி கையெழுத்துப் போட்டான். அனுமதி வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும்: மேளதாளம் கூடாது. மீறினால் கையெழுத்துப் போட்டவன் உள்ளே.

"என்ன கூத்து இது! நிபந்தனைக்கு ஒரு நியாயம் வேண்டாமா?" என்று குதித்தேன். கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை. இந்த உத்தரவுகளை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கக் கூடாது என்று இன்னோர் உத்தரவு இருந்தது.

அம்மாவின் பயம் வேறு. "உடுக்கை அடிக்காம ஆத்தா எப்படிடி வருவா? அவ வராம புள்ள எறங்கினா கால் வெந்துடுமே!"

தீமிதி அன்று மத்தியானம் கோயில் வாசலில் ஒரு சிப்பாய் நின்றார். பழக்கத்தில் யாராவது தட்டிவிடப் போகிறார்கள் என்று உடுக்கையை மடியில் வைத்து, இரண்டு பக்கத் தோலையும் உள்ளங்கைகளால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கங்கு வெடிப்பதும் கரும்புத் தோகை உரசுவதும்தான் கேட்டன. மஞ்சள் வேட்டியோடு குழியருகே வந்த தம்பி அசையாமல் நின்றான். பிறகு அவன் தலை ஆடியது, தோள் ஆடியது. பின்னால் நின்றவர்களும் அதே தாளத்தில் ஆடினார்கள். எந்தத் தாளம்? அவன் இறங்கி நடந்து அக்கரை ஏறினான். காலில் ஒரு கொப்புளம் இல்லை.

மறுநாள் காலையில் போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. மேளம் அடித்தார்கள் என்று சிப்பாய் சொல்லியிருந்தார். நானும் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு ஓடினேன். "அவன் தரப்பைக் கேட்காம அடைக்க முடியாது" என்று அதிகாரியிடம் சண்டை போட்டேன். படித்ததில் எனக்கு மிச்சமிருந்த விதி அது ஒன்றுதான்.

அதிகாரி சிப்பாயைக் கூப்பிட்டார். "ஹம் சுனா" என்றார் சிப்பாய், எங்களுக்குப் புரியட்டும் என்று, இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் இங்கே பேசும் ஹிந்தியிலேயே. நான் கேட்டேன் என்கிறார். அவர் முகத்தில் கோபமே இல்லை, மிரட்சிதான் இருந்தது. முதலில் மெதுவாக, அவன் இறங்கும்போது வேகமாக என்று மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். அது அச்சு அசலாக எங்கள் கோயில் உடுக்கை அடி. அவரோ வேறு தீவுக்காரர், அதற்குமுன் எங்கள் கோயில் பக்கமே வந்ததில்லை.

"உடுக்கை எங்கே இருந்தது?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"என் மடியில. ரெண்டு கையும் அதுமேலதான் இருந்துச்சு."

"யாராவது அடித்தார்களா?"

"யாரும் அடிக்கல. சத்தியமா."

கோயிலில் வேறு மேளம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். தம்பியை விட்டுவிட்டார்.

அந்த வாரமே தம்பி விமானம் ஏறினான். உள்ளே போகுமுன் என் காதருகே குனிந்து, "யாரு அக்கா அடிச்சது?" என்றான்.

"யாரும் இல்லடா. நல்லபடியா போய்ச் சேரு."

அதிகாரி கேட்டதற்கு நான் சொன்னது அத்தனையும் உண்மை. யாரும் அடிக்கவில்லை. அவன் நெருப்பில் இறங்கியபோது என் உள்ளங்கைகளுக்கு அடியில் அந்தத் தோல் அதிர்ந்தது. அழுத்த அழுத்த அதிர்ந்தது. அதை அவர் கேட்கவில்லை.