கத்துற சாப்பாடு

சின்னண்ணை,

நீ சொன்ன சாமானை நான் கண்டுபிடிச்சிட்டன். அதுதானோ எண்டு இப்பவும் முழுசாத் தெரியேல்லை. அதான் எழுதுறன். எனக்கு எழுத்து வடிவா வராது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் நிண்டுபோச்சு, நான் என்ன செய்ய. பிழை கிடந்தாச் சிரிக்காத.

ஞாயிறு பின்னேரத்தில நீ மொன்றியலில இருந்து ரொறன்ரோவுக்கு எனக்குப் போன் எடுப்பாய். முதல் கேள்வி "சாப்பிட்டியோ?" பேந்து உன்ர பகிடி.

"இஞ்ச ஒரு சாப்பாடு இருக்கு. கடிச்சாக் கத்தும்."

"என்ன, உயிரோடயோ தின்னுறனி?"

"உயிரில்லை. ஆனாக் கத்தும். கீச்சுக் கீச்செண்டு."

"சும்மா பொய் அவிக்காத."

"நீ வா. வாய்க்குள்ள வைச்சுக் காட்டுறன்."

பேரைக் கேட்டாச் சொல்லமாட்டாய். வந்தாத்தானாம். நானும் வாறன் வாறன் எண்டுகொண்டிருந்தன். பஸ்ஸில ஏறினா ஆறு மணித்தியாலம், அவ்வளவுதான்.

பிறகு ஒக்டோபரில ஒருநாள் நீ வேலையால வந்து படுத்தனி, எழும்பேல்லை. இருபத்தாறு வயசு. நெஞ்சு நிண்டுபோச்சாம். ஏனெண்டு டொக்டருக்கும் விளங்கேல்லையாம். செத்தவீட்டுக்கு வந்தன், ஆர் வந்தது ஆர் கதைச்சது ஒண்டும் ஞாபகமில்லை. உன்ர சப்பாத்தில ஒரு நாடா அவிண்டு கிடந்தது. அதைக் கட்டவேணும் கட்டவேணும் எண்டே இருந்தது எனக்கு.

முப்பத்தோராம் நாள் பூசைக்குத் திரும்பி வந்தன். மொன்றியல் பியர்பொன்ட்ஸில சித்தி வீட்டில நிண்டன். அண்டைக்கு மன்னாரில இருந்து அம்மா போன் எடுத்தா.

"பிள்ளை, அவன் அங்க என்ன விரும்பிச் சாப்பிட்டவனோ அதை வாங்கி, பூசைக்கு வாற ஆக்களுக்குக் குடு. செபம் சொல்லி, அவன்ர பேரால குடுத்து முடியுமட்டும் வீட்டு ஆக்கள் வாய் வைக்கக்கூடாது. மணந்தும் பாக்கக்கூடாது. விளங்குதோ?"

"ஓம் அம்மா" எண்டுட்டன். என்ன விரும்பினனி எண்டு ஆருக்குத் தெரியும்? லாசாலில உன்ர அறையைச் சித்தி முதலே துப்பரவாக்கிப்போட்டா. பிரிட்ஜில ஒரு அச்சாறுப் போத்தல்தான் கிடந்ததாம். எனக்குத் தெரிஞ்சது கத்துற சாப்பாடு மட்டும்தான்.

சித்தியிட்டச் சொன்னன்.

"கத்துற சாப்பாடோ? கோழிதான். அறுக்கேக்க கத்தும்," எண்டா.

"சித்தி, பகிடி விடாதேங்கோ."

"நான் விடேல்லையடி, அவன்தான் உனக்கு விட்டிருக்கிறான். பத்து வருசமா இஞ்ச இருக்கிறன், ஒரு கத்தரிக்காயும் என்னோட கதைச்சதில்லை."

ஆனாச் சித்தி பத்து வருசமாத் தமிழ்க் கடையிலதான் சாமான் வாங்கிறவ. வெள்ளைக்காரற்ற கடையில பாலும் வெங்காயமும்தான். பூசைக்கு முதல்நாள் சித்தப்பாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு பெரிய கடை ஒண்டுக்குப் போனன்.

அண்ணை, அந்தக் கடையில எனக்குத் தலை சுத்திச்சு. ரொறன்ரோவில காணாத சாமானெல்லாம் கிடக்கு. ஒரு போத்தலுக்குள்ள நாக்கு. உண்மையா நாக்கு, வினாகிரியில ஊறிக்கொண்டு. இன்னொரு டப்பாக்குள்ள சாம்பல் நிறத்தில களி மாதிரி ஒண்டு. பன்றி இறைச்சியாம், காலமை பாணுக்குப் பூசுறதாம். மேப்பிள் மரத்துப் பாணியைப் பெயின்ற் ரின் மாதிரி ரின்னில அடைச்சு வைச்சிருக்கிறாங்கள். பைன் மரத்தில செய்த சோடா எண்டு சித்தப்பா வாசிச்சுச் சொன்னார். மரத்தை ஆரும் குடிப்பினமோ? நான் ஒவ்வொரு பைக்கற்றா எடுத்துக் குலுக்கிப் பாத்தன். அமத்திக் காதில வைச்சுப் பாத்தன். பொரிச்ச பன்றித்தோல் ஒண்டு சரசரத்தது. ஆனாக் கீச்செண்டேல்லை.

"உதைக் கீழ வை, ஆக்கள் பாக்கினம்," எண்டார் சித்தப்பா.

"நீங்கள் பிரெஞ்சில கேளுங்கோவன்."

"என்னெண்டு கேக்கிறது? கத்துற சாமான் எந்த வரிசையில எண்டோ? என்னைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

நாக்குப் போத்தலுக்கு முன்னால நிண்டு அழுகை வந்திட்டுது. நாக்கைப் பாத்து அழுறன். ஏனெண்டு எனக்கே தெரியேல்லை. சித்தப்பா என்னைக் காருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வாற வழியில அவர் ஒரு டெப்பனரில நிப்பாட்டினார், இஞ்ச மூலைக் கடைக்கு அதுதான் பேர். பால் எடுக்க அவர் உள்ளுக்கு நடந்தார். நான் காசு வாங்கிற பெட்டையிட்ட நேராப் போய், பல்லுக்கு நேர விரலை வைச்சு "கீச், கீச்" எண்டு கத்திக் காட்டினன். வெட்கம் எல்லாம் போட்டுது. அவள் ஒரு கணம் முழிச்சாள். பிறகு கண் விரிஞ்சுது. "ஸ்குவீக் ஸ்குவீக்!" எண்டு சிரிச்சுக்கொண்டு காசு மிசினுக்குப் பக்கத்தில கூடைக்குள்ள கிடந்த பையைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளைத் துண்டுகள், தேங்காய்ச் சொட்டு மாதிரி. கூடையில இருந்த எல்லாத்தையும் வாங்கினன். அவள் வாயைக் காட்டி, கையால "இப்ப, இப்ப" எண்ட மாதிரி என்னவோ சொன்னாள். அம்மா சொன்னது ஞாபகம் வந்திட்டுது. நன்றிக்கு மெர்சி எண்டுட்டு வந்திட்டன்.

காருக்குள்ள சித்தப்பா பையைப் பிரட்டிப் பாத்தார். "இது சீஸ் எல்லோ."

"சீஸ் கத்துமோ?"

"ஆருக்குத் தெரியும்? ஒண்டைக் கடிச்சுப் பார்."

"ஐயோ, நாளைக்குக் குடுக்காமல் வாய் வைக்கக்கூடாது."

வீட்டில சித்தி கண்டவுடன, "பால் சாமானை வெளியில வைச்சு விக்கிறாங்களோ, விசரங்கள்! நாளைக்கு வாற ஆக்களுக்கு வயித்தால போகப்போகுது," எண்டு பிரிட்ஜுக்குள்ள அடியில தள்ளினா. நானும் சரியெண்டு விட்டிட்டன். உனக்குக் குடுக்கிற சாமான் பழுதாப்போகக்கூடாதே.

அடுத்தநாள் பூசை முடிஞ்சு ஆக்கள் சித்தி வீட்டுக்கு வந்திச்சினம். உன்ர படத்துக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்தி, சோறு கறியோட அந்தச் சீஸையும் ஒரு கோப்பையில வைச்சன். செபம் சொன்னம். ஆக்களுக்குக் குடுத்தன். இப்ப வீடு முழுக்கக் கீச்சுக் கீச்செண்டு கேக்கப்போகுது, அம்மாவுக்குப் போனைப் பிடிச்சுக் கேக்கவிடவேணும் எண்டு நினைச்சன்.

ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் மரியாதையாச் சப்பிச்சினம். பிறகு நான் ஒரு துண்டை வாயில வைச்சன். குளிர். உப்பு. அழி றப்பர் மாதிரி. கத்தேல்லை. இன்னொண்டு. கத்தேல்லை.

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அண்ணை. பிழையான சாமானோ? அந்தப் பெட்டை பகிடி பண்ணினாளோ? இல்லாட்டி சித்தி சொன்ன மாதிரி நீதான் இவ்வளவு நாளும் அவிச்சனியோ? ஒவ்வொரு ஞாயிறும் என்னைச் சிரிக்கவைக்கத்தானோ? எனக்கு உன்னில கோவமும் வந்தது, செத்த ஆளிட்டக் கோவிக்கலாமோ எண்டும் தெரியேல்லை. குசினிக்குள்ள போய் நிண்டன்.

உன்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரர் ஒருத்தர் பூசைக்கு வந்தவர், கழுத்தில பச்சை குத்தின மொத்த ஆள். அவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால குசினிக்கு வந்தார். ஒரு துண்டைக் கடிச்சார். முகம் சுழிச்சுது. பிரிட்ஜைத் தொட்டுக் காட்டி என்னைப் பாத்தார். நான் தலையாட்டினன். அவர் நெத்தியில கையை வைச்சு "நோ, நோ, நோ" எண்டார். சித்தப்பா வந்து அவர் சொல்லச் சொல்லத் தமிழில சொன்னார்.

குளிர விட்டாச் சத்தம் செத்துப்போமாம். வாங்கின அண்டைக்கே தின்னவேணுமாம். நீ வேலைக்கு வரேக்க வாங்கி, சூடா இருக்கவேணுமெண்டு ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு வருவியாம். முதல்முதல் அவர் தந்த துண்டைக் கடிச்சுப்போட்டு, எலி எண்டு நினைச்சு மேசைக்குக் கீழ குனிஞ்சு தேடினியாம். அதைச் சொல்லிப்போட்டு அந்த மொத்த மனிசன் மற்றப் பக்கம் திரும்பி நிண்டார்.

பிறகு நாலைஞ்சு துண்டை மைக்ரோவேவுக்குள்ள கொஞ்ச நேரம் வைச்சு எடுத்து என்ர கையில தந்தார். இளஞ்சூடு. கடிச்சன்.

கீச்.

சின்னதாத்தான். சித்தி தனக்குக் கேக்கேல்லை எண்டா. சித்தப்பா கேட்டதெண்டார், ஆனா என்ர முகத்தைப் பாத்திட்டுச் சொன்னாரோ தெரியாது. எனக்குக் கேட்டது. காதால இல்லை, பல்லுக்குள்ள கேட்டது. நான் சிரிச்சன், அதோடயே அழுதன், எது முதல் வந்தது எண்டு தெரியேல்லை. திரும்பக் கடிச்சன், அது கத்தேல்லை.

அம்மாவுக்கு எடுத்து, "விரும்பினதைக் குடுத்திட்டன்" எண்டன். "என்ன சாப்பாடு பிள்ளை?" எண்டா. அதை என்னெண்டு சொல்லுறது? "வந்தாக் காட்டுறன் அம்மா," எண்டு வாயில வந்திட்டுது.

இதை வாசிக்கிற ஆக்களிட்ட ஒண்டு கேக்கிறன். இது நவம்பர், செத்த ஆக்களின்ர மாசம். என்ர சின்னண்ணையை உங்களுக்குத் தெரியாது, பரவாயில்லை. சாப்பிடக் குந்தேக்க அவனையும் நினைச்சு ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுங்கோ. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, உங்கட சாமியிட்ட அவனுக்காக மன்றாடுங்கோ. அவன் குளிரில கிடக்கக்கூடாது.