நான் மாற்றிய எண்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். திருச்சி கே.கே. நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் உள்ளதைப் பார்வையற்ற மாணவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளைக் கல்லூரிகளுக்குக் கொடுப்போம். அதை எழுதுகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். புதிதாக ஏதாவது சேர்த்தால் மொத்தத்தையும் சுருக்கி ஒரே ஃபைலாக வெளியிடுவார்கள். அதை இறக்கி, இங்குள்ள கம்ப்யூட்டர்களில் ஓடும்படி பேக்கேஜாகத் தயாரிப்பது என் பொறுப்பு.

ஃபைலோடு கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணையும் தருவார்கள். நாம் இறக்கிய ஃபைலைச் சோதித்தாலும் அதே எண் வர வேண்டும். அன்று வரவில்லை. அவர்களுடைய தளம் ஆமை வேகத்தில் நகர்ந்ததால் நான் வேறொரு தளத்திலிருந்து இறக்கியிருந்தேன்.

"அவங்களுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுரலாமே சார்" என்றார் பக்கத்து சீட்டுப் பெண்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் தேர். என் வீடும் அங்கேதான்; வீடு நிறைய உறவினர்கள். காவிரிப் பாலத்தில் கூட்டம் சேருமுன் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எனக்கு. "ஃபைலை மாத்திட்டு நம்பரை மாத்த மறந்திருப்பாங்கம்மா. எத்தனை தடவ பாத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, எனக்கு வந்த எண்ணையே சரியான எண் என்று பதிந்தேன். வேலிக்கு ஓணான் சாட்சி! எங்கள் தொழிலில் பலரும் செய்கிற காரியம்தான். பேக்கேஜ் தயாரானதும் ஆங்கிலத்தில் ஒரு வரி கொடுத்துப் பார்த்தேன். கணீரென்று வாசித்தது. அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

பிறகுதான் தெரிந்தது, நான் இறக்கியது அரைகுறையான சோதனைப் பதிப்பு. அதில் தமிழ்ப் பகுதி வேலையே செய்யாது.

அடுத்த வாரம் ஒரு கல்லூரியிலிருந்து போன். ஓடினேன். அங்கே தமிழ் இலக்கியம் படிக்கும் பார்வையற்ற மாணவி ஒருவர், நான் சொல்லச் சொல்லத் தேர்வெழுத ஆள் வேண்டாம், நானே டைப் செய்கிறேன் என்று போராடி அனுமதி வாங்கியிருந்தாராம். வருடம் முழுக்கத் தன் பழைய லேப்டாப்பில் பழகியிருக்கிறார். தேர்வறைக் கம்ப்யூட்டரிலோ நான் அனுப்பிய புதுப் பேக்கேஜ். கேள்வித்தாளைத் திறந்தால் எண்களை மட்டும் வாசித்துவிட்டு ஊமையாகிவிட்டது. முக்கால் மணி நேரம் வீணான பிறகு, அவசரமாக யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறார்கள்.

பழைய பேக்கேஜைப் போட்டுச் சரிசெய்தேன். அந்த மாணவி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "இனிமே சரியா வாசிக்கும்மா" என்றேன்.

"தேங்க்ஸ் சார், உடனே வந்துட்டீங்க. ஆனா மிச்ச பரீட்சைக்கெல்லாம் ஆளே வச்சுக்கிறேன்னு சொல்லிட்டேன். கம்ப்யூட்டர் எனக்கு ராசியில்ல போலிருக்கு" என்று சிரித்தார்.

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அவருடைய பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார். கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அலுவலகத்தில் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன். அது அன்றோடு போயிற்று. ஆனால், என் அவசரத்தைத் தன் ராசி என்று நம்பி, போராடி வாங்கிய அனுமதியை விட்டுக்கொடுத்த அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்காமல் வந்தது இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.