பக்கத்து அறைக்குத் தள்ளிவிட்ட பூத்தட்டு

எங்கள் மகள் எங்கள் இரண்டு பேரையும் நிம்மதியாக இருக்கும்படி அனுப்பிவைத்தாள். நிம்மதியாக இரு என்று யாராவது சொன்னால் உடனே எனக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் இது எனக்கான ஏற்பாடு இல்லை, மனைவிக்கானது. அவள் சுவிசில், பாடன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். மாதக்கணக்காக அவளுக்கு நித்திரை இல்லை. படுத்தபடி முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குளிசை எழுதுவதற்கு முதல் எங்கேயாவது போய் ஓய்வெடுத்துப் பாருங்கள் என்றார் டொக்டர். மகள் துன் ஏரிக்கு மேலே, மலைச்சரிவில், பாலித்தீவு மாதிரியே கட்டிய ஒரு சின்ன ஹோட்டலைப் பிடித்தாள்.

ரயிலடியில் வைத்து என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா நித்திரை கொள்ளோணும். அவ்வளவுதான். நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம்."

"நான் என்ன செய்யப்போறன்?"

"அதுதானப்பா எனக்குப் பயம்."

அந்த ஹோட்டலில் எல்லோரும் ரகசியம் பேசினார்கள். அறைத் திறப்பு எங்கே என்று கேட்டால் வரவேற்பில் இருந்த பெண் சாவு வீட்டில் கதைப்பதுபோல் குனிந்து பதில் சொன்னாள். அறையில் மணிக்கூடு இல்லை, தொலைக்காட்சி இல்லை. கட்டில் நிறையத் தலையணைகள். அதையெல்லாம் தூக்கி இறக்கி முடியத்தான் கட்டில் இருப்பதே தெரிந்தது. குளிக்கும் இடத்துக்குக் கூரை இல்லை. பாலியில் அது சரியாக இருக்கலாம். இங்கே பனிமலைக் காற்று வந்து முதுகில் கை வைத்தது. நீச்சல் தடாகத்துப் பக்கத்தில் ஒரு கல்லுப் பிள்ளையார். அவர் தும்பிக்கையில் யாரோ ஈரத் துவாயைப் போட்டிருந்தார்கள். மனைவி அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு, தலையில் குட்டிக் கும்பிட்டாள். துவாயைக் கண்டால் மடிக்காமல் அவளால் போகமுடியாது.

முதல் இரவும் அவள் நித்திரை கொள்ளவில்லை. புரளுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

காலையில் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்க, நான் தேத்தண்ணி தேடிக் கதவைத் திறந்து கால் வைத்தேன். பெருவிரலில் எதுவோ தட்டியது. குனிந்து பார்த்தேன். ஓலையில் பின்னிய சின்னச் சதுரத் தட்டு. உள்ளே சிவப்பு, மஞ்சள், வெள்ளைப் பூக்கள், ஒரு சிட்டிகை சோறு, புகைந்துகொண்டிருக்கும் ஊதுபத்தி. மற்ற அறைகளின் வாசலைப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. எங்கள் வாசலில் மட்டும்.

எங்கள் ஊரில் பேய், கண்ணூறு போகக் கழிப்புக் கழித்தால் பூவும் சோறுமாக ஒரு தட்டை முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார்கள். அதை மிதித்தவருக்குத்தான் கழித்தது முழுக்கப் போய்ச் சேரும். இவ்வளவு வருடம் சுவிசில் வரி கட்டி, குப்பை பிரித்து, குடியுரிமைக்கு மலைகளின் பெயரெல்லாம் பாடமாக்கின மனிசன் நான். எல்லாம் பெருவிரலோடு போய்விட்டது.

செய்வினை. ஆனால் யார்? எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறைக்காக என்னோடு சண்டை பிடிக்கிற மேல்மாடி மனுசியோ? இல்லை, அவ செய்வினை செய்யமாட்டா, கடிதம்தான் போடுவா. கோயில் நிர்வாகத் தெரிவில் என்னிடம் தோற்றவரோ? அவருக்கு இந்த முகவரி எப்படித் தெரியும்? தட்டில் ஒரு சொக்லேற் துண்டு வேறு இருந்தது. செய்வினைக்குச் சொக்லேற் வைப்பார்களா என்று புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்று விசாரித்துத்தான் வைத்திருக்கிறான் பாவி என்று நான் யோசித்தேன்.

துன்னில் ஓர் உணவகக் குசினியில் வேலை செய்கிற அண்ணை ஒருவர் எனக்குப் பழக்கம். ஊரில் அவருடைய மாமா கழிப்புக் கழிக்கிறவர். தோட்டத்துப் பக்கம் போய் அவருக்கு ஃபோன் அடித்தேன்.

"வாசலிலையோ? பூவும் சோறுமோ?"

"ஓம் அண்ணை."

"மிதிச்சிட்டியோ?"

"பெருவிரல் மட்டும்தான்."

"எந்தக் கால்?"

"இடது."

ஃபோனில் ஏதோ பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணை, இருக்கிறியளோ?"

"இருக்கிறன். கையாலை தொடாதை. தாண்டாதை. அப்பிடியே தள்ளிவிடு."

"எங்கை?"

"அது உன்ரை பாடு. எனக்கு முட்டை கருகுது."

அறை வாசலுக்குள் சப்பாத்துப் போட உதவும் நீளமான மரக் கரண்டி ஒன்று தொங்கியது. அதை எடுத்து, குண்டைத் தள்ளுகிறவன்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தட்டைப் பக்கத்து அறை வாசல்வரைக்கும் தள்ளினேன். அந்த அறையில் இருந்தவர்கள் சுவிஸ்காரர். அவர்களுக்குச் செய்வினை பலிக்காது, காப்புறுதி இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. காலைச் சாப்பாட்டில் அவளுடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன், காய்ச்சல் வருகிறதோ என்று.

"என்னப்பா, என்ர முகத்திலை என்ன எழுதியிருக்கு?"

"ஒண்டுமில்லை. சாப்பிடும்."

மத்தியானம் அவள் கீழே என்னவோ ஓலை, பூ என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்டேன் என்று சொல்லமுடியாது. இடது பெருவிரல் மரத்துப்போகிறதா என்று சப்பாத்துக்குள் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏரிக்கரைக்கு இறங்கிப் போய், வாத்துகளை முறைத்துவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் வாசலில் இன்னொரு தட்டு.

இது முதலாவதைவிட மோசம். ஒரு பக்கம் கோணல். மூலைகள் நாலும் கறுப்பு நூலால் இறுக்கித் தைத்திருந்தன. கறுப்பு நூல்! நடுவில் ஒரு துண்டு தேசிக்காய், கழிப்புக்கு வெட்டுகிற அதே எலுமிச்சை. கதவை மெல்லத் திறந்து கரண்டியை எடுத்தேன். உள்ளே மனைவி படுத்திருந்தாள். நல்ல நித்திரை. மாதக்கணக்குக்குப் பிறகு, வாய் திறந்து, பட்டப்பகலில் நித்திரை. இதை யாரோ கெடுக்கப் பார்க்கிறான் என்று எனக்கு வீரம் வந்துவிட்டது. தள்ளினேன். பக்கத்து வாசலில் ஏற்கனவே இரண்டு தட்டுகள் இருந்தன. காலையில் நான் தள்ளினது ஒன்றுதானே. அது குட்டி போட்டிருந்தது! மூன்றாவதைச் சேர்த்துவிட்டு ஓடிவந்து கதவைப் பூட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். மெதுவாகத் தட்டினால் பரவாயில்லை. சுவிஸ்காரர் ஒரு நியாயத்துக்காகத் தட்டும்போது பலமாகத்தான் தட்டுவார்கள்.

குளியல் அங்கியோடு பக்கத்து அறைக்காரர் நின்றார். கையில் தேத்தண்ணித் தட்டம், அதில் மூன்று பூத்தட்டுகள். பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஜெர்மனில் ஆறுதலாகச் சொன்னார்: "எங்களுக்கு மூன்று கிடைத்திருக்கிறது. உங்களுக்கு ஒன்றுகூட இல்லை. இது சரியில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அறைக்கும் ஒன்று. நான் வரவேற்பில் கதைக்கிறேன்."

"ஒவ்வொரு அறைக்குமா?"

"ஆமாம். பாலியில் அது நன்றி சொல்கிற வழக்கம். இங்கே வேலை செய்கிற பாலிப் பெண்மணி உங்கள் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். அதனால்தான் எனக்கு ஆச்சரியம்."

எனக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. மனைவி எழும்பி வந்தாள், கண் சிவந்து, தலைமயிர் குலைந்து. தட்டத்தைப் பார்த்தாள்.

"இது நான் செய்தது," என்றாள் ஜெர்மனில்.

அந்த மனிதரின் முகம் அப்படியே மாறிவிட்டது. "நீங்கள் எங்களுக்காகச் செய்தீர்களா?" என்று நெஞ்சில் கை வைத்தார். மற்ற இரண்டையும் எங்களிடம் தந்துவிட்டு, கறுப்பு நூல் தட்டைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு போய்விட்டார்.

கதவைச் சாத்தினேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை, பெருவிரல், குட்டி போட்டது வரைக்கும்.

"என்னெண்டு தள்ளினீங்கள்?"

"சப்பாத்துக் கரண்டியாலை."

அவள் சிரிக்கவில்லை. "கீழை பாலி மனுசி தட்டுப் பின்னப் பழக்கேக்கை மூங்கில் ஊசி விரலிலை குத்தினது. அதுதான் பையிலை இருந்த நூலாலை தைச்சன். வேலையிடத்திலை கிழவிமாரின்ரை உடுப்பிலை பேர்த்துண்டு தைக்கிற நூல். கனகாலத்துக்குப் பிறகு எனக்கெண்டு ஒண்டு செய்தன். செய்து வைச்சிட்டுப் படுக்க நித்திரை வந்தது. ரெண்டே ரெண்டு நாள். சும்மா இருக்கேலாதோ உங்களாலை?"

நான் வாயைத் திறந்தேன்.

"பகிடி விட்டால் இப்பவே ரயில் ஏறுவன்."

மூடினேன். அன்று முழுக்க மூடித்தான் இருந்தது. அந்த ஹோட்டலே மெச்சியிருக்கும்.

மறுநாள் காலை அவள் போர்வைக்குள் இருந்தபடி உத்தரவு போட்டாள்: "இண்டைக்கு நீங்கள் போய்ச் செய்யுங்கோ. செய்து முடிக்காமல் இந்தப் பக்கம் வராதேங்கோ."

போனேன். பாலிப் பெண்மணி முன்னால் ஓலையைப் பரப்பினார். பக்கத்து அறைக்காரர் என்னருகே அமர்ந்து அச்சில் வார்த்ததுபோல் ஒரு தட்டை முடித்தார். என்னுடையது காகம் கைவிட்ட கூடு மாதிரி வந்தது. மூங்கில் ஊசி எனக்கும் குத்தியது. அதே இடது பெருவிரலில் குத்தியிருந்தால் அண்ணைக்கு ஃபோன் அடித்திருப்பேன். நல்லகாலம், கை விரல்.

எங்கள் வாசலில் அதை வைத்தபோது உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. லொறி ஏற்றம் ஏறுகிற அதே பழைய குறட்டை. நான் கதவுக்கு எதிரே இருந்த வாங்கில் உட்கார்ந்து காவல் இருந்தேன். துப்புரவு செய்ய வந்தவரைக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். பசித்தது. எழும்பவில்லை.

வெகுநேரம் கழித்துக் குறட்டை நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. ஆள் வரவில்லை. மரக் கரண்டி மட்டும் வெளியே வந்தது. என் தட்டை மெல்லத் தொட்டுப் பார்த்தது. பிறகு நிதானமாக, பக்கத்து அறை வாசல் பக்கமாகத் தள்ளியது.

"இஞ்சேருங்கோ," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மிதிச்சுப்போடாதேங்கோ. இதுதான் உண்மையான செய்வினை."

சிரிப்பை அடக்கமுடியாமல் கரண்டி ஆடிக்கொண்டிருந்தது.