குட்டியை வெளியே போகப் பழக்கியது நான்தான்

ஈப்போ புந்தோங்கில் நான் குடியிருக்கும் வீட்டை நான்தான் கட்டினேன். காசு கொடுத்துக் கட்ட வைத்ததைச் சொல்லவில்லை. தூணுக்குக் கம்பி வளைத்தது, கூரைச் சட்டத்தைப் பற்றவைத்தது, முன்கேட்டைத் தூக்கி மாட்டியது எல்லாம் இந்தக் கை. வீட்டுக்கு முன்னால் இரும்புப் பட்டறை. பட்டறை முதலாளியான ஒரு சீனத் தவுக்கேயிடம் துரு சுரண்டப் போனவன், அவர் பட்டறையை மூடியபோது அதே இடத்தை எடுத்தேன். "இவனுக்கு ரசீதே எழுதத் தெரியாது, தீபாவளி வரைக்கும்கூட தாங்க மாட்டான்" என்று பேசினார்கள். அப்படிப் பேசியவர்கள் வீட்டு ஜன்னலுக்கும் பிறகு நான்தான் கிரில் அடித்துக் கொடுத்தேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டு, நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்து, எங்களை லாரியில் ஏற்றி அனுப்பியபோது கையில் ஒரு துணிமூட்டைதான். இன்றைக்கு என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருங்கள், ஈப்போவில் நான் செய்த கேட்டுகளைக் காட்டிக்கொண்டே போகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தில் கோயில் ஒன்றுதான் மிச்சம். அதன் இரும்புக் கதவும் தகரக் கூரையும் என்னுடையவை. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

இந்த வரிசையில் இன்னொன்றும் சேர வேண்டும். ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகாமல் பழக்கினேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பட்டறை வைத்தபோதுகூட நான் இவ்வளவு அலையவில்லை.

என் கடைசி மகள் தலைநகர் கே.எல்.லில் புருஷனை விட்டுவிட்டு வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தாள். அவற்றைத் திறந்து துணியை அலமாரியில் வைக்கவே இல்லை. வேண்டியதை மட்டும் உருவி எடுப்பாள், மறுபடி ஜிப்பை இழுப்பாள். அந்த ஜிப் சத்தம் கேட்கும்போதெல்லாம் என்னால் உட்கார முடியாது. எழுந்து வாசலுக்குப் போவேன், கேட்டின் கீலை ஆட்டிப் பார்ப்பேன், திரும்பி வருவேன். ஒரு பல் கிளினிக்கில் வேலை தேடிக்கொண்டாள். போவாள், வருவாள், அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்துவாள்.

ஒரு சாயங்காலம் கைப்பையில் ஏதோ முனகியது.

"பாசார் பின்னால லொங்காங்குல கெடந்துச்சுப்பா. மழ வந்தா அடிச்சிட்டுப் போயிரும்லா."

சந்தைச் சாக்கடையில் கிடந்த செம்மண் நிறக் கம்போங் குட்டி, நாட்டு நாய். ஒரு காது மடிந்து, வயிறு மட்டும் பந்துபோல. மகள் அதற்குக் கொரிய நாடகத்தில் வரும் எவனோ ஒருவன் பெயரை வைத்தாள். என் வாயில் அது நுழையவில்லை. "டேய்" என்றேன். அதற்கே திரும்பியது. அன்றைக்கு அவள் அறைக் கதவைச் சாத்தவில்லை. குட்டி அவள் செருப்பை இழுத்துக்கொண்டு ஓட, அவள் சிரித்தாள். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. என் மனைவியும் அந்தச் சிரிப்பைக் கேட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் குட்டி நேராகச் சாமி மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்து ஒன்றுக்குப் போனது.

மறுநாள் கதவு மூலையில். அதற்கடுத்து மாடிப்படிக்குக் கீழே. பிறகு திரும்பவும் சாமி மேடை. வெளியே கட்டிப் போட்டுப் பார்த்தோம். அது போட்ட ஓலத்தில் அடுத்த வீட்டு அக்கா சுவரைத் தட்டினார். என் மனைவி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கூடத்தில் நின்றாள்.

"இந்த வீட்டுல வெளக்கு ஏத்துறது நானு. ஆடிப் படையல் வருது, சொந்தக்காரங்க அத்தன பேரும் வருவாங்க. அதுக்குள்ள இது அடங்கணும். இல்லன்னா அன்னிக்கே என் தம்பி தூக்கிட்டுப் போயிருவான்."

அவள் தம்பிக்கு பீடோரில் கொய்யாத் தோட்டம். அங்கே நாய் என்றால் சங்கிலிதான், மரத்தடிதான்.

மகள் கத்தவில்லை. "சரிம்மா. அது போனா நானும் போறேன். கே.எல்.ல ரூம் பாத்துக்கிறேன்" என்றாள். அப்புறம் ஜிப் சத்தம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. உண்மையைச் சொன்னால் அப்போது என் கைக்கு வேறு வேலையும் இல்லை. பட்டறையை மகன் பார்க்கிறான். புதிதாக வெட்டும் மெஷின் போட்டிருக்கிறான், கணினியில் படம் வரைகிறான். நான் போனால், "நீங்க செத்த உக்காருங்கப்பா, நீங்க முன்னாலயும் பின்னாலயும் நடந்தா கஸ்டமர் பயப்படுறாங்க" என்கிறான். உட்கார்ந்து பழகாத உடம்பு எங்கே உட்காரும்? வீட்டிலும் நடைதான்.

மகள் போனில் பார்த்துப் பார்த்து ஏதேதோ வாங்கினாள். உறிஞ்சும் விரிப்பு வந்தது. குட்டி அதைக் கிழித்துத் தின்றது. வாடை போக்கும் தண்ணீர் வந்தது. அவள் துடைத்துவிட்டு அதை அடிப்பாள். "வெளிய போனா உடனே பாராட்டணும்பா, பிஸ்கட் குடுக்கணும்" என்பாள். அவள் காலையில் கிளினிக்குக்குப் போய்விட்டால் யார் பாராட்டுவது? நான்தான்.

நான் தோட்டத்து வழியில் போனேன். தோட்டத்தில் விடியும் முன்னே பெரட்டு உண்டு. எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கொடுத்த பிறகுதான் காட்டுக்கு இறங்க முடியும். மழையோ பனியோ, நேரம் தப்பாது. குட்டிக்கும் பெரட்டு வைத்தேன். எழுந்ததும் வெளியே. தின்றதும் வெளியே. விளையாடி முடித்ததும் வெளியே. வேலி ஓரப் புல்லில் கொண்டுபோய் நிறுத்தி, "டேய், பெரட்டு" என்பேன். மகள் இதைப் பார்த்துவிட்டு, "போன்லயும் இப்படித்தான்பா சொல்றாங்க" என்றாள். நான் எந்தப் போனிலும் பார்க்கவில்லை.

குட்டி புல்லில் நிற்கும். இலையைத் துரத்தும். எறும்பை முகரும். என் கைலியைக் கடித்து இழுக்கும். எல்லாம் செய்யும், அதை மட்டும் செய்யாது. அலுத்துப்போய் உள்ளே தூக்கி வருவேன். கதவு மூலைக்கு ஓடி, ஒரு சுற்றுச் சுற்றி, உட்காரும்.

என் மனைவி செம்பை எடுப்பாள். அதில் மஞ்சளைக் கரைத்து, மாட்டுக் கோமியத்தை ஊற்றி, மாவிலையால் கதவு மூலை, படிக்கட்டு, சாமி மேடை என்று தெளித்துக்கொண்டே போவாள். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்குத் தீட்டுக் கழிக்கிற பழக்கம் அது. குட்டி வந்த பிறகு தினமும் ஆனது. நாய் போக, அவள் தெளிக்க, மறுபடி நாய் போக. கோமியம் தீர்ந்தால் வாங்கி வருவது என் பொறுப்பு. பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் போவேன். ஒரு நாள் போத்தலை நீட்டினேன். அவர் சிரித்தார்.

"என்னாண்ணே, போன வாரந்தானே குடுத்தேன்? வீட்டுல யாகமா?"

"யாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு நாய்க்குட்டி."

"நாய்க்கா கோமியம் குடுக்கிறீங்க? என் மாடு கேட்டா கோவிச்சுக்கும்லா."

எரிச்சலில் மூடியைச் சரியாகத் திருகாமல் வண்டிக் கூடையில் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினால், போத்தல் சாய்ந்து, வெளித் தூணின் அடியில் பாதி ஒழுகிவிட்டது. துடைக்கத் துணி எடுக்க உள்ளே திரும்பினேன். குட்டி என் காலுக்கு இடையில் புகுந்து வெளியே ஓடியது. தூணடியை முகர்ந்தது. ஒரு சுற்று. உட்கார்ந்தது.

நான் துணியோடு அப்படியே நின்றேன்.

எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன் இதற்கு! ஒரு சொல் சொல்லாமல், ஒரு பிஸ்கட் காட்டாமல், தானாகப் போகிறது. மறுநாள் பெரட்டுக்குத் தூக்கி வந்து புல்லில் விடாமல் தூணடியில் விட்டேன். போனது. அப்போதுதான் உள்ளே போய்க் கூடத்தின் நடுவில் நின்று பார்த்தேன். கதவு மூலை. படிக்கட்டு. சாமி மேடை. என் மனைவியின் மாவிலை போகிற பாதை. எந்த இடத்தைச் சுத்தம் என்று அவள் தெளிக்கிறாளோ அதே இடம்தான் குட்டிக்கு, இங்கே ஏற்கெனவே ஒருவர் போயிருக்கிறார், நாமும் போகலாம் என்ற இடம். மகளுடைய வாடை போக்கும் தண்ணீர் கழுவி விடுகிறது. அதன்மேல் இவள் புது வாடையை ஊற்றி வைக்கிறாள்.

இதை வீட்டில் சொல்வது எப்படி? கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படி நடக்கிறீங்க? குட்டிக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா, சுத்திச் சுத்தி வரதுக்கு?"

சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"கோமியத்தையே கொற சொல்றீங்களா? எங்கம்மா தெளிச்சது, நான் தெளிக்கிறது. நேத்து வந்த நாயிக்காக நிறுத்தணுமா?"

"நிறுத்தச் சொல்லல. எடத்த மாத்தச் சொல்றேன். உள்ள மஞ்சத் தண்ணி மட்டும் தெளி. கோமியத்த வெளிய ஊத்தலாம். அதுவும் வாசல்தானே, தீட்டு உள்ள வராது."

"சாமி கோவிச்சுக்கிட்டா?"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். அது வீட்டுக்குக் கதவு போட்டவன் நான்."

அவள் சிரிப்பை அடக்க முறத்தை எடுத்துப் பலமாகப் புடைத்தாள். பிறகு தலை நிமிராமல், "அவ பெட்டிய இன்னும் தொறக்கல" என்றாள். மறுநாள் செம்பில் மஞ்சள் மட்டும் இருந்தது.

போத்தலில் மிஞ்சியதைப் பின்வாசல் பக்கம், வேலி ஓரம், நான் காட்டிய இடத்தில் நானே ஊற்றினேன். கூடத்தைச் சவர்க்காரம் போட்டு நானே தேய்த்தேன். குட்டி பின்வாசலுக்குப் போகப் பழகியது. எல்லாம் சரி என்று நினைக்கும்போது மழை பிடித்தது. ஈப்போ மழை தெரியும்தானே, மதியம் மலைப்பக்கம் கறுத்தால் சாயங்காலம் கொட்டாமல் விடாது. ஈரத்தில் கால் வைக்க மாட்டேன் என்று குட்டி பின்வாசலில் நின்று நடுங்கி, திரும்பி வந்து கூடத்தில் போய்விட்டது. என் மனைவி நாள்காட்டியைப் பார்த்தாள்.

நான் பட்டறைக்குப் போனேன். மகனிடம் கேட்கவில்லை. கழித்துப் போட்ட இரும்புக் குழாயை எடுத்தேன், பழைய தகரம் எடுத்தேன், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டினேன், பற்றவைத்தேன். பின்வாசலில் இருந்து வேலி வரைக்கும் ஒரு சின்னக் கூரை. மகன் வந்து பார்த்து, "நாய்க்கா இவ்வளவு கனமான குழாய்?" என்றான். "ஒன் மெஷினு செய்யுமா இத?" என்றேன். அடுத்த மழையில் குட்டி கூரைக்கடியில் நடந்து போனது, ஒரு தவுக்கே மாதிரி.

படையல் அன்று வீடு நிறைய ஆட்கள். மச்சான் பீடோரிலிருந்து வந்தார், ஒரு கூடைக் கொய்யாவும், காரின் பின்னால் ஒரு சங்கிலியும். சங்கிலியை மகளும் பார்த்துவிட்டாள். அவள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. வெளியே மழை. உள்ளே சாம்பிராணிப் புகை, சாமி மேடைக்கு முன்னால் வாழையிலை, எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள். குட்டி ஆட்களின் கால்களுக்கு நடுவே வந்தது. மூக்கைத் தரையில் வைத்தது. ஒரு சுற்றுச் சுற்ற ஆரம்பித்தது.

மகள் குனியப் போனாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். தூக்கிக்கொண்டு போனால் அது தூக்கினவர் சாமர்த்தியம். அதுவாகப் போக வேண்டும். என் கால் நடக்கத் துடித்தது, ஆனாலும் நின்றேன்.

குட்டி மேடையை முகர்ந்தது. அங்கே அதற்கு வேண்டிய வாடை இல்லை. நிமிர்ந்து பார்த்தது. பிறகு அத்தனை சேலைகளையும் வேட்டிகளையும் தாண்டிப் பின்வாசலுக்குப் போய்க் கதவைப் பிறாண்டியது. ஓடிப்போய்த் திறந்தேன். மழையில், என் கூரைக்கடியில், என் இடத்தில் உட்கார்ந்தது.

மச்சான்தான் முதலில் வாய் திறந்தார். "என்னாக்கா, இது என் தோட்டத்து ஆளுங்களவிட ஒழுங்கா இருக்கே! இத எதுக்கு நான் கட்டிப் போடணும்?"

என் மனைவி தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கிள்ளிப் பின்வாசல் படியில் வைத்தாள். "இப்பத்தான் படச்சது. சாமிக்கு அப்பறம் இதுக்குத்தான் மொதல்ல" என்றாள்.

அடுத்த நாள் மகள் அறையில் நீளமாக ஒரு ஜிப் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். பெட்டிகள் காலியாக அலமாரிக்கு மேலே இருந்தன. துணியெல்லாம் உள்ளே அடுக்கியிருந்தது. குட்டி அவள் தலையணையில்.

நல்லது. ஆனால் என் மனசு இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. காரணம் இதுதான். சொந்தக்காரர்கள் கேட்டால் என் மனைவி, "எல்லாம் அம்மன் பாத்துக்கிட்டா" என்கிறாள். மகள் குட்டியின் படத்தைப் போனில் போட்டு, பொறுமையும் பிஸ்கட்டும் இருந்தால் எந்தக் குட்டியும் பழகும் என்று எழுதியிருக்கிறாள். மகன் படித்துக் காட்டினான். கூரையும் படத்தில் விழுந்திருக்கிறது, பின்னால், பாதி. அதைச் செய்தவன் யார், போத்தல் வாடையைக் கண்டுபிடித்தவன் யார், கூடத்தைத் தேய்த்தவன் யார், விடியும் முன்னே பெரட்டுக்கு நின்றவன் யார் என்று ஒரு சொல் இல்லை. அம்மனுக்கு உண்டான பங்கை அம்மனுக்குக் கொடுங்கள், பிஸ்கட்டுக்கு உண்டானதைப் பிஸ்கட்டுக்கு. நான் குறுக்கே நிற்கவில்லை. பாப்பா, அந்தப் படத்துக்குக் கீழே நீ எழுதியதைத் திருத்து. என் பெயர்கூட வேண்டாம், "அப்பா பழக்கினார்" என்று போடு. கடைசியில் இல்லை, முதல் வரியில்.