என் கதையைத் திருத்திய புவனா

தறி ஓட்டுகிறவர்கள் போனிலும் உரக்கத்தான் பேசுவார்கள். புவனாவின் அம்மா சரஸ்வதி அழைத்தால் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். சென்ற மாதம் ஒரு காலையில் அவர் பேசியது எனக்குக் கேட்கவே இல்லை. என்னங்க, என்னங்க என்று இரண்டு முறை கேட்டேன். “புவனா போயிட்டாளுங்க” என்றார். அவளுக்கு முப்பத்தொரு வயது.

‘விரல்காரி’ என்ற என் கதையை உங்களில் பலர் பள்ளி நாட்களில் படித்திருப்பீர்கள். இப்போது உங்கள் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுகிறீர்கள். விசைத்தறிகளின் இரைச்சலுக்குள் அம்மாவோடு கையால் பேசும் பொன்னி என்ற சிறுமியின் கதை. அந்தப் பொன்னி புவனாதான். அவளோடு பழகியவர்களுக்கு இது தெரியும். அவர்களில் பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கதையின் முடிவு என்னுடையதல்ல.

அப்போது எனக்குச் சோமனூர் தபால் நிலையத்தில் வேலை. குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே எட்டுத் தறிகள் ஓடும் ஒரு குடோன். சரஸ்வதி அவற்றில் நான்கைப் பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்குத் தவறி வந்த ஒரு கடிதத்தைக் கொடுக்க ஒருநாள் அங்கே போனேன். ஆறு வயதுப் புவனா வாசலில் நின்று, அம்மாவிடம் நீண்ட வழக்கு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள், முழுக்க விரல்களால். அம்மா ஓரக்கண்ணால் பார்த்தபடியே ஒற்றை விரலை அசைத்துத் தீர்ப்புச் சொன்னார். வெளியே வந்ததும் என்ன பேசினாய் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் இவளுடைய மிட்டாயை வாங்கி நக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம். கழுவித் தின்னச் சொல்கிறாராம் அம்மா. மிட்டாயைக் கழுவினால் அப்புறம் என்ன மிஞ்சும் என்று என்னிடமும் கேட்டாள்.

அந்த வாரமே கதையை எழுதினேன். நான் எழுதிய முடிவில், கரண்ட் போய்த் தறிகள் எல்லாம் நிற்கின்றன. அமைதி வருகிறது. அம்மாவும் பொன்னியும் வாய்விட்டுப் பேசிச் சிரிக்கிறார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் அந்த முடிவில் பெருமைதான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, நான் கோவைக்கு மாற்றலாகி வந்திருந்தபோது, புவனா அம்மாவோடு என் வீட்டுக்கு வந்தாள். கையில் புத்தகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏனுங்கக்கா, தறி நின்னா எங்கூட்டுல ஆரும் சிரிக்கமாட்டாங்க. கரண்ட் போச்சுன்னா கூலி போச்சேன்னு அம்மா மூஞ்சியே மாறிப்போகுமுங்க. நீங்க தப்பா எழுதிப்போட்டீங்க.”

சரஸ்வதி அவளை அதட்டினார். நான், சரி, எப்படி முடிந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன்.

“தறி ஓடுறப்பத்தானுங்க நாங்க சிரிப்போம். சத்தம் கேக்காது, அவ்வளவுதான்.”

இன்று நீங்கள் படிக்கிற முடிவு அதுதான். எட்டுத் தறிகளும் ஓட, நடுவில் நின்று இருவரும் யாருக்கும் கேட்காமல் சிரிக்கிற அந்தக் கடைசிப் பக்கம். அதற்காக எனக்கு வந்த கடிதங்கள் ஏராளம். அடுத்த பதிப்பில் அவள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். பள்ளியில் ஏற்கெனவே விரல்காரி, விரல்காரி என்று கூப்பிடுகிறார்கள், அது வேறா என்று மறுத்துவிட்டாள்.

சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இதய வால்வைக் கெடுத்திருந்தது. கல்லூரியில் படிக்கும்போது அறுவை சிகிச்சை செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். அது கடிகாரம்போல் சத்தம் போடும். படிப்பை முடித்து, பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை ஆனாள். சைகை மொழியை முறையாகக் கற்றாள். குடோனில் பேசியது ஒரு வீட்டுக்குள் செல்லுபடியாகிற பாஷை என்றும், இது ஊருக்கே ஆன பாஷை என்றும் சொல்வாள். குழந்தைகள் அவள் முதுகில் உள்ளங்கையை வைத்து அந்த வால்வின் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார்களாம்.

ஒருநாள் அங்கிருந்து போன் செய்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள். வகுப்பில் என் கதையைச் சைகையில் சொல்லியிருக்கிறாள்.

“அக்கா, உங்க கதை இவுங்களுக்குப் புடிக்கலீங்க. கையில பேசுறதுல என்ன அதிசயம்னு கேக்கறாங்க.”

ஒரு நிமிடம் எனக்குச் சுருக்கென்றது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். அவள் அதோடு விடவில்லை. பிள்ளைகளையே ஒரு கதை கட்டச் சொன்னாள். எல்லோரும் கையால் பேசுகிற ஊருக்கு, வாயால் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பெண் வந்து சேர்கிறாள். பாவம், அவளுக்கு யார் பேசக் கற்றுக்கொடுப்பது? ஆண்டு விழாவில் அதை நாடகமாகப் போட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். என் கதையைவிட அது நல்ல கதை.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் வால்வில் கிருமித் தொற்று வந்தது. இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடம்பு தேறவில்லை. சோமனூர் வீட்டில் கடைசியாக அவளைப் பார்த்தேன். தலையணையில் சாய்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தன் நிலைமை அவளுக்குத் தெரியும். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் போயிட்டா, புஸ்தகத்துல அதைப் போட்டுறாதீங்கக்கா. படிக்கிற கொழந்தைக்கு அது எதுக்குங்க?”

மாட்டேன் என்றேன். நோட்டு திருத்துவதைத் தொடர்ந்தாள்.

இறுதிச் சடங்குக்குப் பள்ளி வேனில் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் மூத்த பெண் சரஸ்வதியின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா என்று கையால் கேட்டாள். சரஸ்வதி இல்லை என்று தலையசைத்தார். அந்தப் பெண் எழுந்துபோய் ஒரு டம்ளரில் காபி வாங்கி வந்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

நான்கு நாள் கழித்துப் பதிப்பாளர் பேசினார். புதிய பதிப்பின் முதல் பக்கத்தில் புவனாவின் படத்தையும், பிறந்த, மறைந்த நாட்களையும் போடலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம். இருக்கட்டும்.

அதனால்தான் பெரியவர்கள் படிக்கிற இந்தப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களிடம் சரிதானா என்று கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுக்கும் பழக்கம் அவள் எனக்குக் கொடுத்துப் போனது, அதை வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று மாலை உங்கள் பிள்ளைக்கு ‘விரல்காரி’யை வாசித்துக் காட்டினால், பொன்னி இப்போது எங்கே இருக்கிறாள் என்று அது கேட்கக்கூடும். சோமனூரில் என்று சொல்லுங்கள். மற்றதை நாம் வைத்துக்கொள்வோம்.