வெள்ளையடித்த ஹால்

நர்ஸம்மா ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே குஷி. அவள் கணவர் மட்டும் அந்தக் குஷியில் சேரவில்லை.

"இந்த லீவுல இந்த வீட்ட ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்" என்று அவள் தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டபடி சொன்னாள். "எமர்ஜென்சி வார்டுல கூட இவ்ளோ கூச்சல் கிடையாது. நைட் டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்தா ஒருத்தன் சாக்ஸ் காணோம்ங்கறான், ஒருத்தி தண்ணி பாட்டில் மூடி காணோம்ங்கறா. அப்பாக்காரர் வண்டிச் சாவிய தேடறார்."

"நான் எங்கம்மா தேடறேன்? ஆணியிலதான மாட்டுவேன்" என்றார் அவர். அது உண்மைதான். அந்த வீட்டில் எதையும் தேடாத ஒரே ஆள் அவர்தான்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் வரும் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஆமை மாமா. தெருவில் மற்ற வேன்கள் எல்லாம் ஹாரனை அலறவிட்டுப் பறக்கும்போது அவர் வண்டி மட்டும் கல்யாண ஊர்வலம் மாதிரி வரும். "அவர் வண்டியில ஏத்திவிட்டா நிம்மதியா தூங்கலாம்" என்று தாய்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் அவருக்குப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அந்த மெதுவுக்கு என்ன காரணம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர் பார்வையின் ஓரங்கள் உதிர்ந்துகொண்டே வந்தன. நேரே இருப்பது பளிச்சென்று தெரியும். பக்கவாட்டிலும் காலடியிலும் ஏதோ புகை. அப்புறம் அந்தப் புகையும் இல்லை, ஒன்றுமே இல்லை. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் கடைக்குப் போனார். கடைக்காரர் ஏதோ ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கண்ணாடியில சரியாகிற விஷயமில்ல. நரம்பு சம்பந்தப்பட்டதா தெரியுது. தள்ளிப்போடாம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அன்றிலிருந்து ஆமை மாமா அந்தக் கடை இருக்கும் தெருப்பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் சொல்லிவிடுவார்கள், பெயர் வந்துவிட்டால் வண்டியை விட வேண்டும், வண்டியை விட்டால் தான் யார்? இந்தப் பள்ளி வருஷம் முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முடிந்தது. அடுத்த வருஷமும் தொடங்கிவிட்டது. இருட்டுவதற்குள் முடியாத சாயங்கால ட்ரிப்பை முதுகுவலி என்று சொல்லி வேறொருவரிடம் தள்ளிவிட்டார். காலையில் வேனின் கதவுப் பக்கம் ஆயாம்மா உட்கார்ந்திருப்பாள். "அந்தப் பக்கம் காலியா ஆயாம்மா?" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்பார். "இந்த மனுஷனுக்கு என்ன ஒரு ஜாக்கிரதை" என்று அவள் ஊரெல்லாம் மெச்சுவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வியர்க்கும்.

வீட்டில் மட்டும்தான் அந்தப் பயம் இல்லாமல் இருந்தது. கிழிந்த கை வைத்த சோபா, அதை ஒட்டி மலைபோல் துவைக்காத துணி, கதவோரம் செருப்புக் குவியல், உறுமிக்கொண்டே இருக்கும் ஃபிரிட்ஜ். அலங்கோலம்தான். ஆனால் அவர் கைக்கும் காலுக்கும் பழகிப்போன அலங்கோலம். கண்ணை மூடிக்கொண்டே அடுக்களைக்குப் போய்க் காபி போட்டு எடுத்து வந்துவிடுவார். அதைத்தான் இப்போது ஒரு வழி பண்ணப் போகிறாள்.

சனிக்கிழமை காலையில் மச்சினி வந்து இறங்கினாள். மனைவியின் தங்கை, ஃபர்னிச்சர் கடையில் விற்பனைப் பிரிவு. வாய் மூடவே மூடாது.

"அத்தான், இந்த வெள்ளைய பாருங்க. சுவரு, கதவு, அலமாரி எல்லாம் இதே வெள்ளை. ஹால் ரெண்டு மடங்கா தெரியும்."

"இருக்கிற ஹாலே போதாதா?"

"போதாது. வீடு பெருசாச்சுன்னா துடைக்கச் சொல்லிடுவோம்னு உங்களுக்குப் பயம்."

"ஆமா, பயம்தான்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

குறை சொல்லக்கூடாது, அக்காவும் தங்கையும் செய்த வேலை நல்ல வேலைதான். காலையில் வீட்டை விட்டு வெளியே போக வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது நர்ஸம்மாவின் கொள்கை. வார்டில் ஊசி, பஞ்சு, மருந்து எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு இருப்பதுபோல. கதவோரம் ஒரு தாழ்ந்த பெஞ்ச் வந்தது. அதன் அடியில் ஆளுக்கொரு கூடை: பையனுக்கு, பொடிசு என்று கூப்பிடும் சின்ன மகளுக்கு, அவளுக்கு, அவருக்கு. ராத்திரியே மறுநாள் சாக்ஸ் முதல் கைக்குட்டை வரை அதற்குள் விழுந்துவிட வேண்டும். கதவின் பின்பக்கம் துணியால் தைத்த பைகள் தொங்கின. குடை, தொப்பி, சீப்பு எல்லாம் அதில். அழுக்குத் துணி மலை வெள்ளை, கலர், யூனிஃபார்ம் என்று மூன்று கூடைகளாகப் பிரிந்து குளியலறைப் பக்கம் போயிற்று. குளிர்காலப் போர்வைகள் கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த பெட்டிக்குள். அடுக்களையில் பழைய டப்பாக்களை எல்லாம் ஏறக்கட்டிவிட்டு, ஒரே அளவில் கண்ணாடி ஜாடிகள். ஜன்னலுக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடி மாட்டி வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினார்கள். கிழிந்த சோபாவின் இடத்தில் இடம் அடைக்காத சின்ன சோபா. அதன் முன்னால், "இருக்கிறதே தெரியாது அத்தான், அதான் இதோட அழகு" என்று மச்சினி சொன்ன ஒரு கண்ணாடி டீப்பாய். அதற்குக் கீழே வெள்ளைக் கம்பளம்.

இருக்கிறதே தெரியாதுதான். டீப்பாய் வந்து இறங்கிய அன்று மதியமே அவருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது.

"சுவரு வெள்ளை, தரை வெள்ளை, மேசை காத்து. நான் என்ன ஆவியா, பூந்து போறதுக்கு?" என்று அவர் கத்தினார். சிரிப்புக்காகச் சொன்னதுபோல் முடித்துக்கொண்டார்.

மறுநாள் மச்சினிக்கு டீ போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தவள் முகம் கோணிப்போயிற்று. "அக்கா! உன் வீட்டுக்காரர் என்னைக் கொல்லப் பாக்கறார். ஒரு கை உப்ப அள்ளிப் போட்டிருக்கார்!"

"ஜாடி எல்லாம் ஒரே மாதிரி இருந்தா என்ன பண்றது?"

"பேர் ஒட்டியிருக்கே அத்தான். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமில்லையா?"

நர்ஸம்மா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் புது விளக்கைத் தோளால் இடித்துக் கீழே தள்ளியபோது அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"உங்களுக்கு நான் பண்ணது பிடிக்கல. அப்படித்தானே?"

"யார் சொன்னா? நல்லாத்தான் இருக்கு."

"வாய் சொல்லுது. கை ஒவ்வொண்ணா உடைச்சுக்கிட்டு வருது."

உண்மையான காரணத்தை அவரால் சொல்ல முடியாது. மறுநாள் காலை ட்ரிப் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலும் அவள் கடைத்தெருவிலும் இருந்த வேளையில், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலில் ஒத்திகை பார்த்தார். கதவிலிருந்து பெஞ்ச். பெஞ்ச் முடியும் இடத்தில் சுவர். சுவரில் உள்ளங்கையை வைத்தபடியே போனால் அடுக்களை வாசல். டீப்பாயின் விளிம்பு முழங்காலுக்கு எந்த உயரம்? குனிந்து தடவினார். திரும்பவும் முதலிலிருந்து. தன் வீட்டிலேயே திருடன் மாதிரி நடந்துகொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. நர்ஸம்மா காய்கறிப் பையுடன் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பெயிண்ட் காஞ்சிடுச்சான்னு பார்த்தேன்."

அவள் அவருடைய கையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது நேத்தே காஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீடு முழுதாக முடிந்த மறுநாள் காலை, அந்தக் குடும்பம் அதுவரை கண்டிராத காலை. ஒரு கூச்சல் இல்லை. பையன் தன் கூடையை இழுத்தான், எல்லாம் இருந்தது, போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே விட்டான். நர்ஸம்மா ஆறாத காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலையே பார்த்தபடி நின்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் சூடாகக் குடித்த முதல் காலைக் காபியாக இருக்கும். அந்த முகத்தைப் பார்த்ததும் ஆமை மாமாவுக்கும் மனசு இளகியது. தானும் ஒரு வேலை செய்யலாமே என்று, பிள்ளையின் பிளாஸ்கில் ஊற்றக் கொதித்த வெந்நீரைக் கெட்டிலோடு எடுத்துக்கொண்டு வந்தார். சுவர், வாசல், பெஞ்ச். ஒத்திகை பார்த்த வழிதான்.

ஒத்திகையில் பொடிசு இல்லை. வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கம்பளத்தில் குனிந்து உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தது.

அவர் முழங்கால் குழந்தையின் முதுகில் இடித்தது. கெட்டில் சாய்ந்தது. வெந்நீரில் பெரும்பகுதி கம்பளத்தில் விழுந்தது. கொஞ்சம் குழந்தையின் கையில். அது வீறிட்ட சத்தத்தில் நர்ஸம்மாவின் காபி எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்தாள். சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அழுகை விம்மலாகக் குறைந்தது. அப்புறம்தான் அவள் திரும்பினாள்.

"என் மேல கோபம்னா என்கிட்ட காட்டுங்க. ஜாடிய உடைங்க, விளக்க உடைங்க. பிள்ளை என்ன பண்ணுச்சு?"

"நான் வேணும்னு..."

"நேரா நடந்து வந்தீங்க! அவ நடு ஹால்ல உக்காந்திருக்கா, நான் பாத்துக்கிட்டே இருக்கேன், நிறுத்தவே இல்ல நீங்க. மனுஷனா நீங்க?"

பெற்ற பிள்ளை மேல் வெந்நீரை ஊற்றிய பாவியாக இருந்துவிட்டுப் போகலாம், வண்டியாவது மிஞ்சும் என்று அவருக்கு ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இதேபோல் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் தெருவோரத்தில் வரிசையாக நிற்கும். அவர் அந்த ஓரத்தில்தான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார்.

"அவ அங்க இருந்தது எனக்குத் தெரியல" என்றார். "ஓரமா இருக்கிறது, கீழ இருக்கிறது, எதுவுமே தெரியறதில்ல."

நர்ஸம்மா குழாயை மூடினாள். குழந்தையின் கையை ஈரத்துணியால் சுற்றி, பெஞ்சில் உட்கார வைத்தாள். அவர் எதிரே வந்து நின்றபோது அவள் குரல் மாறியிருந்தது; அது வார்டுக் குரல்.

"என் மூக்க மட்டும் பாருங்க. கண்ண அசைக்காதீங்க. பக்கத்துல எத்தனை விரல் காட்றேன்?"

ஊகித்துச் சமாளித்த பழக்கதோஷம். "ரெண்டு" என்றார்.

"நான் இன்னும் கையவே தூக்கல."

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நனைந்த கம்பளம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"எவ்ளோ நாளா?"

சொன்னார். கண்ணாடிக் கடைக்காரர் சொன்னதையும் சொன்னார். அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவருக்குள் ஏதோ ஒரு மூலை எதிர்பார்த்தது.

"அவ்ளோ நாளா பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போனீங்களா? ஊரான் வீட்டுப் பிள்ளைங்கள?"

"மெதுவாத்தான் ஓட்டறேன்..."

"பேசாதீங்க."

போன் அடித்தது. ஆயாம்மா. "என்ன அண்ணே, வண்டிக்கிட்ட நிக்கறேன். இன்னும் காணோம்?"

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "இன்னைக்கு வண்டி வராது ஆயாம்மா. எல்லா வீட்டுக்கும் நான் சொல்லிடறேன்" என்று சொல்லிக் கட் செய்தார். பிறகு மெதுவாக, "வண்டி ரிப்பேர்னு சொல்லிடட்டுமா? இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்று கேட்டார்.

"நாளைக்கு?"

அவர் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவங்க நம்பினது உங்கள. வண்டிய இல்ல" என்றாள் அவள். அருகில் உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்க. நான் இங்கயே இருக்கேன். முடிச்சிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

முதல் நம்பர் தெருமுனைத் தையல்காரம்மாவுடையது. அவளுடைய பையன்தான் முதலில் ஏறுவான். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டார். எடுத்துவிட்டாள். "கிளம்பிட்டான், கிளம்பிட்டான், ஷூ மட்டும்தான்" என்று மூச்சிரைத்தாள்.

"அவசரம் இல்லம்மா. நான் வரல. எனக்குக் கண் பார்வை சரியில்ல. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளா. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

அவளுடைய மூச்சிரைப்பு நின்றது. "என் பையன் உங்க வண்டியிலதான தினம் வந்தான்?" என்றாள், கேள்விபோலவும் இல்லாமல் திட்டுபோலவும் இல்லாமல்.

"ஆமாம்மா."

அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர் அடுத்த நம்பரைத் தேடினார். திரை கலங்கலாகத் தெரிந்தது. இந்த முறை அதற்கு நரம்பு காரணமில்லை. நர்ஸம்மா எட்டி, பெயரைப் படித்துச் சொன்னாள். அவர் அழுத்தினார்.